ரேழியிலிருந்து கொல்லை வரை: அறுந்து போகாத வைஃபை

கும்பகோணத்தில் எங்களுடையது தெருவிலிருந்து பின்பக்கம் வரை நீளமாக ஓடுகிற பழைய வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, அப்புறம் கொல்லை. சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். உள்ளே மொபைல் சிக்னல் நிற்காது. அம்மா பேசுவதெல்லாம் வைஃபை காலிங்தான்.

நான் பெங்களூரில் இருக்கிறேன். தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் பேசுவோம். அம்மா ஒரு இடத்தில் உட்கார்ந்து பேசுகிற ஆள் இல்லை. ரேழியில் ஆரம்பித்து, அடுக்களையில் பாலை இறக்கிவைத்து, கொல்லைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுத் திரும்புவதற்குள் ஊர்க்கதை முடியும். ஆனால் முற்றத்தைத் தாண்டினாலே குரல் உடையும், லைன் போய்விடும்.

போன வருடம் ஒருநாள், "ரெண்டு நாளா எழுந்தா தலைய..." என்பதோடு போச்சு. திரும்பக் கூப்பிட்டேன், கிடைக்கவில்லை. ஆபீஸ் மீட்டிங் ஒன்று வந்தது, நானும் விட்டுவிட்டேன். தலைச்சுற்றல், பிரஷர் மாத்திரை தீர்ந்து நான்கு நாள் ஆகிவிட்டது என்பதெல்லாம் இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டு மாமி சொல்லித்தான் தெரிந்தது. "ஏம்மா சொல்லல?" என்றால், "நீதானே வேலைன்னு கட் பண்ணிட்டே, தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டேன்" என்கிறாள்.

இருபது வருடமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவன் வீட்டில் இந்த நிலைமை. அந்த வாரம் படிக்க ஆரம்பித்ததன் குறிப்புகள்தான் இவை.

யார் முடிவு செய்கிறார்கள்?

பஸ்ஸில் போகும்போது பேச்சு அறுபடாமல் டவர் விட்டு டவர் மாறுகிறதே, வைஃபையில் ஏன் முடியவில்லை? விடை எளிது. ஜிஎஸ்எம் போன்ற மொபைல் நெட்வொர்க்கில் போன் அக்கம்பக்கத்து டவர்களை அளந்து சொல்லும். எப்போது மாறுவது என்று முடிவெடுப்பது நெட்வொர்க். வைஃபையில் அது தலைகீழ். எந்த ஆக்சஸ் பாயிண்டைப் பிடிப்பது, எப்போது விடுவது என்பது போனின் இஷ்டம்.

போன் லேசில் விடாது. சிக்னலை மைனஸ் கணக்கில் டிபிஎம் என்று அளப்பார்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பலம். மைனஸ் 50 நல்லது, மைனஸ் 75 மோசம். ஐபோன் மைனஸ் 70-க்குக் கீழே இறங்கினால்தான் வேறு இடம் தேடவே ஆரம்பிக்கும் என்று ஆப்பிள் தன் கையேட்டில் சொல்கிறது. தேடினாலும், டேட்டா ஓடிக்கொண்டிருக்கும்போது புதியது 8 டிபி அதிகமாக இருந்தால்தான் தாவும். 8 டிபி என்றால் ஆறு மடங்குக்கு மேல் பலம். பக்கத்திலேயே நல்ல வீடு காலியாக இருந்தும், ஒழுகுகிற வாடகை வீட்டை விட மனசில்லாதவர் மாதிரி.

முதலில் செய்த தப்பு

அடுக்களைச் சுவரில் ஒரு ரிப்பீட்டர் மாட்டினேன். அது வாங்குவதும் கொடுப்பதும் ஒரே ரேடியோவில். அதனால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதற்கு வேறு பெயர் வேறு வைத்திருந்தேன். பெயர் வேறானால் போனுக்கு அது வேறு நெட்வொர்க். ஒன்றை முழுசாக விட்டுவிட்டுத்தான் இன்னொன்றுக்குப் போகும்.

பிறகு செய்தது

1. ஒயர். கடையில் "மெஷ்" என்று விற்பது எல்லாம் சுவரைத் தாண்டி காற்றில் பேசிக்கொண்டால், பிரச்சினை இடம் மாறுகிறது, அவ்வளவுதான். ரேழியில் இருக்கும் ஃபைபர் பெட்டியிலிருந்து கூடத்துக்கு ஒன்று, அடுக்களைக்கு ஒன்று என்று இரண்டு கேட்-6 கேபிள். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். செம்பு பூசிய அலுமினியம் மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். கரண்ட் ஒயர் போகிற பைப்பிலும் விடாதீர்கள்.

2. இரண்டு முனையிலும் ஆக்சஸ் பாயிண்ட். இரண்டுமே ஆக்சஸ் பாயிண்ட் மோடில் இருக்க வேண்டும். ஐபி முகவரி கொடுக்கிற வேலை, அதாவது டிஹெச்சிபி, ஃபைபர் பெட்டி ஒன்றிடம் மட்டும். இல்லையென்றால் அடுக்களைக்கு வந்ததும் போனுக்கு முகவரி மாறும், கால் செத்துவிடும்.

3. பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றும் இரண்டிலும் ஒன்றே. ஃபைபர் பெட்டியின் சொந்த வைஃபையை அணைத்துவிட்டேன்.

4. சேனல் மட்டும் வேறு வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11. நான் 1-ம் 11-ம் வைத்தேன். 5 கிகாஹெர்ட்ஸில் 36-ம் 149-ம்.

5. பவரைக் குறையுங்கள். இதுதான் நம்பக் கஷ்டமானது, இதுதான் முக்கியம். ஃபுல் பவரில் இருந்தால் கூடத்துப் பெட்டியின் குரல் கொல்லை வரை கேட்கும். போன் விடவே விடாது. ஆனால் போனின் ரேடியோ சின்னது. அது பதிலுக்கு முணுமுணுப்பது கூடத்தை எட்டாது. 2.4-ஐ லோவிலும் 5-ஐ மீடியத்திலும் வைத்த பிறகுதான் போன் முற்றத்திலேயே மாற ஆரம்பித்தது.

இரண்டுக்கும் கரண்ட் அதே கேபிளில், பிஓஇ மூலம் போகிறது. அதனால் ரேழியில் ஒரு சின்ன யுபிஎஸ் போதும். கரண்ட் போனாலும் மூன்றும் உயிரோடு இருக்கும்.

802.11 கே, வி, ஆர்

டப்பாவில் பெரிதாகப் போட்டிருக்கும் எழுத்துக்கள். கே, பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று போனுக்குப் பட்டியல் கொடுக்கும். வி, "அங்கே போயேன்" என்று யோசனை சொல்லும். ஆர், மாறும்போது நடக்கிற சாவி பரிமாற்றத்தைச் சுருக்கும். கே-யும் ஆர்-ம் 2008, வி 2011. மூன்றும் உதவிதான், கட்டளை இல்லை. ஆர் உண்மையில் பயன்படுவது ஒவ்வொரு முறையும் சர்வரிடம் அனுமதி கேட்கிற ஆபீஸ் நெட்வொர்க்கில். வீட்டுப் பாஸ்வேர்டில் மிச்சமாவது கொஞ்சம்தான். சில பழைய கருவிகள் ஆர் இருந்தால் ஒட்டவே ஒட்டாது. நான் கே, வி இரண்டை மட்டும் போட்டேன்.

லேப்டாப்பைக் கையில் ஏந்தி, ஃபைபர் பெட்டிக்குப் பிங் ஓடவிட்டுத் திண்ணையிலிருந்து கொல்லைக்கு நடந்தேன். முற்றத்தில் ஒரு பிங் தவறியது. அவ்வளவுதான்.

அம்மாவிடம் எதையும் விளக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்லி வைத்தேன்: "லைன் போச்சுன்னா நான் கட் பண்ணலைம்மா. திரும்பக் கூப்பிடு." நேற்று ராத்திரி கொல்லைத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் போனில் தெளிவாகக் கேட்டது. மாத்திரை எத்தனை மிச்சம் என்று கேட்டேன். அங்கேயே நின்று எண்ணிச் சொன்னாள்.