பெயரை மட்டும் சொல்லி இரும்பு வாங்காதீர்கள்

கொழும்பு பழைய சோனகத் தெருவில் ஹாட்வெயார் கடையொன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், வீட்டுக்கு கேட் செய்ய ஒரு அங்குல பொக்ஸ் பார் கேட்டு ஒருவர் வந்தார். "தம்பி, தடிப்பானதாப் பார்த்துத் தாங்க" என்றார். கடையில் 16 கேஜும் 18 கேஜும் இருந்தன. 18 பெரிய எண்தானே என்று அதையே ஏற்றி அனுப்பினேன்.

மறுநாள் பார்கள் திரும்பி வந்தன. வெல்டிங் வைத்த இடமெல்லாம் ஓட்டை. முதலாளி மறுபேச்சின்றி 16 கேஜ் கொடுத்தனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். "கேஜ் கூடினா தகடு மெல்லிசு. இது தெரியாம கவுண்டர்ல நிக்காதே" என்றார். 16 கேஜ் சுமார் 1.6 மில்லிமீற்றர், 18 கேஜ் சுமார் 1.2 மில்லிமீற்றர்தான். வெட்டிய பார்களின் நட்டம் கடைக்கு.

இரும்பு வியாபாரத்தில் பெயர் வடிவத்தை மட்டுமே சொல்லும். உருண்டையாக உள்ளே நிறைந்திருப்பது கம்பி. பட்டையானது பிளட் அயன். 'எல்' வடிவில் மடிந்தது ஆங்கிள் அயன். மூன்று பக்கம் மூடி ஒரு பக்கம் திறந்தது சனல். சதுரமாக உள்ளே வெறுமையாக இருப்பது பொக்ஸ் பார்.

அளவிலும் சிக்கல் உண்டு. ஒரு அங்குல பொக்ஸ் பார் என்றால் அது வெளி அளவு. ஆனால் ஒரு அங்குல ஜீ.ஐ. பைப் என்பது உள்ளளவை ஒட்டி வந்த பெயர். அதன் வெளி விட்டம் 33 மில்லிமீற்றருக்கும் சற்று அதிகம், அதாவது ஒன்றேகால் அங்குலத்தையும் தாண்டும். பைப்பைப் பிடிக்கும் கிளாம்ப் வாங்குவோர் ஏமாறுவது இங்கேதான்.

கம்பிக்கு இன்னும் சிலர் 'நூல்' கணக்கே சொல்கிறார்கள். எட்டு நூல் ஓர் அங்குலம். நாலு நூல் கம்பி கணக்குப்படி 12.7 மில்லிமீற்றர். அதற்குப் பதிலாக 12 மில்லிமீற்றர் கம்பி கொடுத்தால், கொங்கிரீட்டுக்குள் போகும் இரும்பு சுமார் 11 வீதம் குறைந்துவிடும்.

கம்பியைச் சரிபார்க்க இலகுவான வழியொன்று உண்டு. மில்லிமீற்றரில் உள்ள விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162 ஆல் வகுத்தால், ஒரு மீற்றரின் எடை கிலோவில் வரும். 12 மில்லிமீற்றர் கம்பி 6 மீற்றருக்கு சுமார் 5.3 கிலோ இருக்க வேண்டும். தராசில் நன்றாகக் குறைந்தால் கம்பி மெலிந்தது என்று அர்த்தம்.

ஆகவே வடிவம், அளவு, தடிப்பு, நீளம் நான்கையும் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அது வாங்குபவருக்கு மட்டுமல்ல, கவுண்டரில் நிற்கும் புதுப் பையனுக்கும் பாதுகாப்பு.