கழுத்து ரத்தக்குழாயில் கொழுப்பு... டாப்ளர் இருக்கும்போது எம்.ஆர்.ஐ. எதற்கு?

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனியில் கொழுப்பு படிந்தால் பக்கவாதம் வரலாம். அடைப்பு எத்தனை சதவீதம் என்பதை டாப்ளர் ஸ்கேனே சொல்லிவிடும். அப்புறம் எம்.ஆர்.ஐ. எதற்கு?

படிவு உடையக்கூடியதா என்று பார்க்கத்தான். மேல்மூடி மெலிந்து, உள்ளே ரத்தம் கசிந்திருந்தால், அடைப்பு 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் ஆபத்துதான். அந்தக் கசிவு எம்.ஆர்.ஐ.யில் பளிச்சென்று தெரியும். எல்லோருக்கும் இது தேவையில்லை. டாக்டர் சொன்னால் எடுத்தால் போதும்.

அஞ்செட்டி மலைப்பகுதியில் இருக்கும் நாட்றாம்பாளையம் போன்ற ஊர்களிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவே நேரமாகும். வாய் கோணல், ஒரு பக்கக் கை மரத்துப்போதல், பேச்சுக் குழறல் ஆகியவை சில நிமிடங்களில் மறைந்தாலும், 'சரியாப் போச்சு' என்று விட்டுவிடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம்தான்.