தெரியாமலே தெரிவது

விழித்திரையிலிருந்து கிளம்பும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை தலாமஸ் வழியாக மூளையின் பின்கோடியில் உள்ள முதன்மைப் பார்வைப் புறணிக்குப் போகின்றன. ஒரு சிறுபகுதி நடுமூளைக்குப் பிரிகிறது. மீனுக்கும் தவளைக்கும் பார்வையின் தலைமையகம் அந்த நடுமூளைதான். மனிதருக்கு அந்த வழியால் பெரிய பயன் இல்லை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள்.

அந்த எண்ணத்தை அசைத்தது உளவியலாளர் லாரன்ஸ் வைஸ்கிராண்ட்ஸ் குழுவினர் 1974இல் வெளியிட்ட ஆய்வு. ரத்தநாளக் கோளாறுக்காக டி.பி. என்ற நோயாளிக்கு வலப்பக்கப் பார்வைப் புறணியை வெட்டி எடுத்திருந்தார்கள். இடப்பக்கக் காட்சி அவருக்கு இல்லை. அந்தப் பக்கம் ஒளிப்புள்ளியைக் காட்டி, குத்துமதிப்பாகச் சுட்டச் சொன்னால், கை ஏறக்குறைய சரியான இடத்துக்கே போனது. கோடு படுத்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்பதையும் பெரும்பாலும் சரியாகவே சொன்னார். ஆனால், எதுவும் தெரியவில்லை, எல்லாம் ஊகம் என்பதே அவர் பேச்சு. புறணியைத் தவிர்த்து நடுமூளை வழியே நடப்பதாகக் கருதப்பட்ட இதற்குக் குருட்டுப்பார்வை என்று பெயர் வந்தது. பக்கவாதத்தால் இருபுறப் புறணியும் அழிந்த டி.என். என்பவர், பெட்டிகளும் சாமான்களும் கிடந்த நடைவழியில் கைத்தடியின்றி எதிலும் இடிக்காமல் நடந்தது 2008இல் பதிவானது. வளைந்து விலகியது அவருக்கே தெரியாது.

இதைவிட வியப்பானது டி.எஃப். என்ற பெண்ணின் நிலை. 1988இல் கார்பன் மோனாக்சைடு நச்சு ஏறியதில், உருவங்களை அடையாளம் காணும் திறன் போனது. வட்டப் பலகையில் ஒரு நீளத் துளை. அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அட்டையைக் கொடுத்து உள்ளே போடச் சொன்னால், கை போகும் வழியிலேயே மணிக்கட்டு திரும்பி, அட்டை நேராக நுழைந்துவிடும். ஆனால், ஒரு பொருளைக் காட்டி மறைத்து, இரண்டு விநாடி கழித்து எடுப்பதுபோல் செய்யச் சொன்னால், விரல்கள் அதன் அளவுக்கு ஏற்ப விரியாது.

டி.எஃப்.பை ஆய்ந்த டேவிட் மில்னரும் மெல்வின் குடேலும் இதற்குத் தந்த விளக்கம்: புறணியிலிருந்து கீழே பொட்டு மடலுக்குப் போகும் தடம் பொருளை அறிகிறது, மேலே உச்சி மடலுக்குப் போகும் தடம் கையை நடத்துகிறது, அதுவும் அந்தந்தக் கணத்துக்கு மட்டும். உச்சி மடல் பழுதானவர்கள் கோப்பையைக் கோப்பை என்றே சொல்வார்கள், எடுக்கப் போனால் கை தவறும்.

இந்தப் பிரிவினையைச் சற்றுத் தளர்த்தியே ஏற்க வேண்டும். டி.எஃப்.பின் மேல்தடத்திலும் சேதம் இருப்பதைப் பிற்கால ஸ்கேன்கள் காட்டின. குருட்டுப்பார்வை உடைய சிலரும், வேகமாக ஏதேனும் நகர்ந்தால், ஏதோ அசைந்ததுபோல் இருந்தது என்கிறார்கள்.