தள்ளு தள்ளு... ஊட்டி ரயிலின் பின்பக்கக் கூத்து!

ஊட்டி மலை ரயிலில் ஏறிய கூட்டம் மொத்தமும் ஜன்னல் பக்கமே சாய்ந்து கிடக்கும். பாலம் வந்தால் ‘ஓ’, குகை வந்தால் ‘ஊ’, அருவி வந்தால் செல்ஃபி. தப்பே இல்லை, மலை அப்படிப்பட்டது. ஆனால் அசல் கூத்து நடப்பது வண்டியின் வாலில்! மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணி வாக்கில் பிளாட்பாரத்தில் கடைசி வரை நடந்து பாருங்கள். நீராவி இன்ஜின் அங்கேதான் நிற்கிறது, புஸ்புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு. இந்த வண்டியில் இன்ஜின் இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது.

அதற்குக் காரணம் இருக்கிறது. ஏறும்போது இணைப்பு அறுந்தால் பெட்டிகள் பள்ளத்தைப் பார்த்து ஓடிவிடுமே! இன்ஜின் கீழ்ப்பக்கம் நின்றால் பெட்டிகள் அதன் மேல்தான் சாய முடியும்.

சரி, டிரைவர் வாலில் இருந்தால் முன்னால் பாதையைப் பார்ப்பது யார்? பிரேக்ஸ்மேன்கள்! ஒவ்வொரு பெட்டியின் முன்புறமும் திண்ணை மாதிரி ஓர் இடம். அங்கே ஓர் ஊழியர், பக்கத்தில் பிரேக், கையில் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும். முதல் பெட்டிக்காரர் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுகிறார். அதைப் பார்த்து அடுத்தவர் காட்டுகிறார், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். இப்படிக் கை மாறிக் கை மாறி டிரைவர் கண்ணுக்குப் போய்ச் சேர்கிறது செய்தி. செல்போன் காலத்திலும் இந்தக் கொடிதான். வளைவில் வண்டி உடம்பை வளைக்கும்போது வரிசையாகக் கொடிகள் எழும்புவதைப் பார்த்தால் கைதட்டத் தோன்றுகிறது. நான் தட்டினேன். எதிர் சீட்டுப் பாட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“வழியில யானை நின்னா என்ன பண்ணுவீங்கண்ணா?” என்று ஒரு பிரேக்ஸ்மேனிடம் கேட்டேன்.

“நாமளும் நிக்கறதுங்க” என்றார், அவ்வளவுதான்.

கல்லாறு வரை சமதளம், பாக்குத் தோப்பு, அமைதி. கல்லாறு தாண்டியதும்தான் மலை எழுந்து நிற்கிறது. பன்னிரண்டடி போனால் ஓரடி உயரம்! வெறும் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் இந்த ஏற்றத்தைத் தாங்காது, வழுக்கும். அதற்காகத்தான் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டைகள். ஒரு ஜோடிப் பட்டை, பக்கத்துப் பக்கத்தில். ஒன்றின் பல் நிற்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும்படி மாற்றி வைத்திருக்கிறார்கள். எப்போதும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருக்கும். இன்ஜினின் வயிற்றுக்கடியில் உள்ள பல்சக்கரம் அதில் கடித்துக் கடித்து ஏறுகிறது. ஆப்ட் முறை என்று இதற்குப் பெயர், சுவிட்சர்லாந்து சரக்கு. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை சுமார் 20 கிலோமீட்டருக்கு இந்தப் பல் வரிசை ஓடுகிறது.

இப்போது இன்ஜினின் பக்கவாட்டைக் கவனியுங்கள், என்னை அங்கேயே கட்டிப்போட்ட இடம் இதுதான். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர்கள். சமதளத்தில் கீழ் சிலிண்டர் மட்டும் வேலை செய்யும். மேலே உள்ளது சும்மா இருக்கும். பல் பாதைக்குள் நுழைந்ததும் மேலே இருப்பதும் விழித்துக்கொள்கிறது! கீழே ஒரு முறை உழைத்து வந்த நீராவியையே மேலே அனுப்பி, அதைக்கொண்டு பல்சக்கரத்தைச் சுற்ற வைக்கிறார்கள். ஒரே ஆவியில் இரண்டு வேலை. என்ன சிக்கனம், என்ன மூளை! கீழ்த் தண்டுகள் நிதானமாக நடக்க, மேல் தண்டுகள் தடதடவென்று பறக்கின்றன. சத்தத்துக்குக் கேட்க வேண்டுமா? இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் வேகம் என்னவோ மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் சுமார்தான்.

அதே சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் பிறந்த ‘எக்ஸ்’ வகை இன்ஜின்கள் இவை. இப்போது நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே இதே வகையைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள், எண்ணெயில் ஓடும்படி. பழைய கரி வாசனைக்காக ஏங்குகிறவர்கள் உண்டு. எனக்குக் கவலையில்லை, ஆவி ஆவிதான்.

ஹில்குரோவில் வண்டி தண்ணீர் குடிக்க நிற்கும். எல்லோரும் டீக்கும் வடைக்கும் ஓடுவார்கள், வடைக்குக் குரங்குகள் ஓடும். நீங்கள் இன்ஜின் பக்கம் ஓடுங்கள். நீண்ட மூக்குள்ள எண்ணெய்க் குடுவையோடு ஊழியர் ஒருவர் மூட்டு மூட்டாகத் தொட்டுப் பார்த்து எண்ணெய் விடுவார். எந்த மூட்டு எப்படிச் சுடுகிறது என்று விரலே அவருக்குச் சொல்லிவிடுகிறது. தள்ளி நின்று பாருங்கள். சூடு கன்னத்தில் அறையும்.

மொத்தம் 46 கிலோமீட்டர், 16 குகை, 250 பாலம், 208 வளைவு. குன்னூர் வரை 1899இல் வண்டி ஓடிவிட்டது. ஊட்டிக்கு 1908இல்தான் போய்ச் சேர்ந்தது. யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது 2005இல். ‘உயிரே’ படத்தின் ‘தையா தையா’ ஆட்டம் இந்த வண்டியின் கூரை மேல்தான். அந்தக் கூரையைப் பார்த்தபின் அங்கே ஆடியவர்கள் மீது மரியாதை கூடிவிட்டது.

குன்னூரில் வண்டி கொஞ்சம் பின்னால் போய்த்தான் ஊட்டிப் பாதையைப் பிடிக்கிறது. புதிதாக வந்தவர்கள் ‘என்னடா, திரும்பிப் போகிறது?’ என்று பதறுவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். அதற்கு மேல் பல் கிடையாது, டீசல் இன்ஜின். வெலிங்டன், அருவங்காடு, கேத்திப் பள்ளத்தாக்கின் கேரட் வயல்கள், லவ்டேல் என்று அழகாகத்தான் போகிறது. நமக்குத்தான் வாலில் வேலை முடிந்துவிட்ட சோகம்.

குன்னூரிலிருந்து கீழே இறங்கும்போது அதே நீராவி இன்ஜின் முன்னால் நின்று மொத்தப் பாரத்தையும் தாங்கிக்கொண்டு வருகிறது. பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறித் தீய்ந்துவிடும். அதனால் சிலிண்டர்களையே காற்றை அமுக்க விட்டு, அந்த எதிர்ப்பில் வேகத்தைப் பிடித்து வைக்கிறார்கள். ஏற்றிவிட்ட இயந்திரமே இறக்கத்தில் தடை!

போக நினைப்பவர்களுக்கு: அக்டோபர், நவம்பரில் மண் சரிந்து வண்டி அடிக்கடி ரத்தாகும், கிளம்பும் முன் ரயில்வே அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு செய்யுங்கள். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் கிடைப்பது டீசல்தான். பல்லும் ஆவியும் வேண்டுமென்றால் மேட்டுப்பாளையத்தில் ஏறுங்கள்.