ஒரு முத்திரையா, பல முத்திரையா?

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை முதலிய தென் புறநகர்களில் புது வீடு குடிபுகும் குடும்பஸ்தர்களுக்குள் ஒரு விவாதம் அடிக்கடி எழுகின்றது. கூடத்தில் வைக்கும் சங்கீத சாதனம் முழுவதையும் ஒரே கம்பெனியின் முத்திரையுடன் வாங்குவதா, அன்றி ஆம்ப்ளிஃபயர் ஓரிடத்திலும் ஸ்பீக்கர் வேறிடத்திலுமாகப் பொறுக்கிச் சேர்ப்பதா என்பதே அது. அற்ப விஷயமென்று சிலர் நகைக்கலாம். ஆயினும் ஒரு ஜன சமூகம் யாரை நம்பிப் பணத்தைக் கொடுக்கின்றது என்பதை இது காட்டிவிடுமென்பது நமது அபிப்பிராயம்.

பிற தேசத்தாரை முதலில் நோக்குவோம். டென்மார்க்கில் 1925-ல் தோன்றிய பாங் அண்ட் ஒலுஃப்ஸன் கம்பெனி, அங்கங்கள் யாவும் தன்னுடையனவாகவே இணைந்தியங்கச் செய்து புகழ் பெற்றது. ஜப்பானியக் கம்பெனிகளும் ரேடியோ, காஸெட், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் அனைத்தையும் ஒரே அடுக்காக விற்றன. பிரிட்டனிலோ, 1970-களிலும் 1980-களிலும் லின் கம்பெனியின் இசைத்தட்டுச் சுழலியை நெய்ம் கம்பெனியின் ஆம்ப்ளிஃபயரோடு இணைப்பது ரஸிகர்களுக்குள் பெருவழக்காயிருந்தது. முன்னது உற்பத்தியாளரின் தீர்ப்பை ஏற்பது. பின்னது தன் செவியின் தீர்ப்பை ஏற்பது.

நம்மவர் கலப்புமுறையை நாடியதற்கு ரஸனை மட்டும் காரணமன்று. 1991-ம் வருஷத்திய பொருளாதார மாற்றத்திற்கு முன், இறக்குமதிக் கட்டுப்பாடும் கடும் சுங்கமும் அந்நிய சாதனங்களைச் சாமானியருக்கு எட்டாக்கனியாக்கின. ஆகவே மவுண்ட் ரோடுக்கு அருகிலுள்ள ரிச்சி தெருவிற்கு மின்சார ரயிலேறிச் சென்று, டிரான்ஸ்பார்மரும் ஐ.ஸி.யும் ஸ்பீக்கரும் தனித்தனியே வாங்கிவந்து, ஊர் மெக்கானிக்கைக் கொண்டு பூட்டுவித்தனர். '4440' என்றால் இன்ன ஐ.ஸி. என்றறிந்த இளைஞர் அநேகர் இவ்வாறே தொழில் கற்றனர். வறுமை புகட்டிய வித்தையெனினும் வித்தை வித்தையே.

இரு முறையிலும் குணமுண்டு, தோஷமுமுண்டு. ஒரே முத்திரையாயின் பொறுப்பாளி ஒருவனே. கலப்பாயின் ஸ்பீக்கர் விற்றவன் ஆம்ப்ளிஃபயரைப் பழிப்பான். ஆம்ப்ளிஃபயர் செய்தவன் ஸ்பீக்கரைப் பழிப்பான். 2019-ம் வருஷத்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உற்பத்தியாளரையும் விற்பவரையும் பொறுப்பாக்குவது உண்மையே. ஆனால் ரசீதில்லாதவன் தன் கட்சியை எவ்வாறு ருசுப்படுத்துவான்? மறுபுறம், கம்பெனிப் பெட்டியில் ஒரு பலகை கெட்டு, மாற்று உறுப்பு கிடைக்காதொழிந்தால் பெட்டி முழுதுமே குப்பை. பூட்டிய செட்டிலோ கெட்ட ஐ.ஸி. ஒன்றை மாற்றினால் மறுபடியும் பாடும்.

கலந்து வாங்குவோர் இரண்டு கணக்குகளையேனும் அறிதல் வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கருக்கென அமைந்த ஆம்ப்ளிஃபயரில் 4 ஓம் ஸ்பீக்கரைப் பூட்டினால், ஒலிக்குமிழ் அதே நிலையிலிருக்க ஏறக்குறைய இருமடங்கு மின்னோட்டம் இழுக்கப்பட்டு யந்திரம் சூடேறும். ஸ்பீக்கரின் திறன் 3 டெஸிபல் குறைந்தால், முன்போல் ஒலிக்க இருமடங்கு வாட் தேவை. பெட்டியின்மேல் ஆயிரக்கணக்கில் அச்சிட்ட 'பி.எம்.பி.ஓ.' வாட் எண் வெறும் ஆடம்பரமேயன்றி வேறன்று.

ஆகவே அன்பர்களே, கம்பெனிப் பெயரைக் கண்டு மயங்கவும் வேண்டாம். மலிவைக் கண்டு மயங்கவும் வேண்டாம். எதை வாங்கினும், நன்கு பழகிய பாட்டொன்றைக் கடையிலேயே கேட்டு வாங்குங்கள். பூட்டுவிப்பவராயின் உறுப்புகளின் எண்ணையும் வாட்டையும் ரசீதில் எழுதிப் பெறுங்கள். அவ்வாறு எழுதித்தரும் மெக்கானிக்கிற்குக் கூலியைக் குறைக்காது கொடுங்கள். ரசீது கேட்கும் வழக்கம் வேரூன்றினால், நம்மூர்த் தொழிலாளியின் கைவேலைக்கும் கம்பெனிச் சரக்கிற்குள்ள மதிப்பு வந்தே தீரும்.