ஒரு கேள்வியும் ஒரு தயக்கமும்

சுலபமான கேள்விகளில்தான் பெரிய மனிதர்கள் அகப்பட்டுக் கொள்கிறார்கள். கஷ்டமான கேள்விக்கு விடையை முன்னதாகவே தயாரித்து வைத்திருப்பார்கள். சுலபமான கேள்வியை யார் எதிர்பார்க்கிறார்கள்?

1979-ம் வருஷத்தில் அமெரிக்க ஸெனட்டர் எட்வர்டு கென்னடிக்கு நேர்ந்தது இதுவே. தமையன்மார் இருவரைக் கொலைஞரின் குண்டுக்குப் பறிகொடுத்தவர் அவர். 1962 முதல் ஸெனட் சபையில் அங்கத்தினர். ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரின் செல்வாக்கோ அப்போது மிகவும் மங்கியிருந்தது. கென்னடி சம்மதித்தால் போதும், டெமாக்ரடிக் கட்சியின் அபேட்சகர் ஸ்தானம் அவர் மடியில் வந்து விழும் என்று பலரும் நம்பினார்கள்.

அத்தருணத்தில் ஸி. பி. எஸ். டெலிவிஷன் நிருபர் ரோஜர் மட் அவரைப் பேட்டி கண்டார். மட் கென்னடி குடும்பத்துக்கு அறிமுகமானவர். கென்னடி ஏன் ஜனாதிபதியாக விரும்புகிறார் என்று அவர் கேட்டார். அவ்வளவுதான் கேள்வி.

கென்னடி தயங்கினார். தேசத்தின் இயற்கை வளம், ஜனங்களின் கல்வி, விஞ்ஞானத் திறமை, அரசியல் அமைப்பின் மேன்மை என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். தொடங்கிய வாக்கியம் வழியிலேயே நின்றது; வேறொன்று புறப்பட்டது. அமெரிக்கா பெரிய தேசம் என்பதற்கு அவர் சொன்னவை யாவும் நல்ல காரணங்கள். ஆனால் கென்னடி அதன் ஜனாதிபதியாக வேண்டும் என்பதற்கு அவற்றில் ஒரு காரணம்கூட இல்லை!

இன்னொரு விஷயமும் அப்பேட்டியில் வந்தது. 1969 ஜூலையில் சாப்பாக்விடிக் தீவில் அவர் ஓட்டிச் சென்ற மோட்டார் வண்டி பாலத்திலிருந்து நீரில் கவிழ்ந்து, உடன் வந்த இளம் பெண் உயிரிழந்தாள். தப்பிய கென்னடி மறுநாள் காலை வரையில் போலீஸாருக்குத் தெரிவிக்கவில்லை. இதைப் பற்றிக் கேட்டபோதும் அவர் நாக்குத் தடுமாறியது.

நவம்பர் 4-ந் தேதி பேட்டி ஒளிபரப்பாயிற்று. அன்றிரவு வேறொரு ஸ்தாபனம் 'ஜாஸ்' என்னும் சுறாமீன் படத்தைக் காட்டியது. பேட்டியைக் காட்டிலும் சுறாவுக்கே கூட்டம் அதிகம். ஆயினும் பத்திரிகைகள் சும்மா இருக்கவில்லை. மூன்று நாள் கழித்துக் கென்னடி முறைப்படி போட்டியில் இறங்கியபோது, அந்தத் தயக்கம் அவருக்கு முன்பே நாடெங்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

இரண்டு தடுமாற்றங்களையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது என்பது நமது அபிப்பிராயம். முதலாவது, தம்மையே கேட்டுக்கொள்ளாத கேள்வியைப் பிறர் கேட்டதனால் வந்தது. போட்டியிடுவதை அவர் அதுவரை பகிரங்கமாக அறிவிக்கவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இரண்டாவதில் இருந்தது வெட்கமா, மழுப்பலா? டெலிவிஷன் பெட்டிக்கு முன் அமர்ந்திருப்பவர் அதை அறிய வழியில்லை. ஆனால் ஒரு பெண்ணின் உயிர் போன விஷயத்தில் பத்து வருஷத்துக்குப் பிறகும் தெளிவான பதில் கிடைக்காததை ஜனங்கள் மன்னிக்காவிட்டால் அவர்களைக் குறை கூற முடியாது.

அதே மனிதரை இந்தியர்கள் வேறு விதமாகவும் கண்டிருக்கிறார்கள். 1971-ல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் நம் நாட்டுக்குள் வந்து குவிந்தபோது, ஆகஸ்டு மாதத்தில் அவர் மேற்கு வங்காளத்து முகாம்களுக்கு நேரில் வந்தார். சேற்றிலும் மழையிலும் கிடந்தவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி, பாகிஸ்தானை ஆதரித்த தம் சொந்த சர்க்காரையே கண்டித்தார். அடுத்த வருஷம் பிப்ரவரியில் டாக்கா சர்வகலாசாலையில், பாகிஸ்தான் ராணுவம் அழித்த ஆலமரத்துக்குப் பதிலாக வேறொரு ஆலங்கன்று நட்டார். இவற்றுக்கெல்லாம் ஏன் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை; அவரும் தயங்கவில்லை.

கார்ட்டரிடம் தோற்ற பிறகு, 1980 ஆகஸ்டு 12-ந் தேதி நியூயார்க்கில் கட்சி மகாநாட்டின் முன் கென்னடி பேசினார். ஏழைகளுக்கும் தொழிலாளருக்கும் வைத்தியம் கிடைக்காதவர்களுக்கும் தாம் செய்ய விரும்பியவற்றை மடை திறந்தாற்போல் எடுத்துரைத்தார். தம்மைத் தோற்கடித்த கட்சியே வெகு நேரம் ஆரவாரம் செய்தது. பத்து மாதத்துக்கு முன் மட் கேட்ட கேள்விக்கு விடை அந்தப் பிரசங்கத்தில் இருந்தது.

2009-ல் காலமாகும் வரையில் அவர் ஸெனட்டராகவே இருந்தார். ஜனாதிபதி பதவிக்கு மறுபடி நிற்கவில்லை.