ஈறு வீங்குவது எதற்காக?

பல் துலக்கித் துப்பினால் ரத்தம். ஈறு சிவந்து, தொட்டாலே வலிக்கிறது. ஸ்ரீ விஜயபுரம் (முன்பு போர்ட் பிளேர்) அபர்டீன் பஜாரில் ஒரு மருந்துக்கடைக்குப் போய், "வீக்கத்துக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்கிறோம். இரண்டு நாளில் வீக்கம் வடிகிறது; நோயும் போய்விட்டதென்று நிம்மதி. நம்மில் பலர் ஏமாறும் இடம் இதுதான். டீ ஆறுவதற்குள் மெதுவாகப் பார்த்துவிடலாம்.

பல்லும் ஈறும் சேரும் இடத்தில் மெல்லிய இடுக்கு இருக்கிறது. அங்கே நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக, பிசுபிசுவென்று வருமே, அந்தப் படலம் முழுக்கக் கிருமிகள். நாள்பட்டால் இறுகிக் காரையாகிவிடும். கிருமிகளைத் தடுக்க ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. அவை வர வழிவிட்டு ரத்தக்குழாய்கள் விரிவதால்தான் சிவப்பும் வீக்கமும். ஆக, வீக்கம் நம் காவல். பிறவிக் கோளாறால் வெள்ளணுக்கள் ஈற்றுக்கு வந்துசேராத குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே பல் ஆடி விழுந்துவிடுகிறது.

அப்படியானால் காவலை ஏன் அடக்க வேண்டும்? பாக்குத் தோட்டத்தில் புள்ளிமான் புகுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விரட்ட ஓடுகிறவர்களின் காலடியிலேயே கன்றுகள் மிதிபடுகின்றன. அவர்களைக் கட்டிப்போட்டால் மானுக்குக் கொண்டாட்டம். ஓடவிட்டால் கன்று மிஞ்சாது. ஈற்றிலும் இதே கதைதான். வெள்ளணுக்கள் கிருமியோடு மல்லுக்கட்டும்போது வெளிவிடும் கொலாஜினேஸ் என்ற நொதி, ஈற்றைப் பல்லோடு கட்டிவைத்திருக்கும் நாரையும் அறுத்துவிடுகிறது. சண்டை நீடித்தால் பல்லைத் தாங்கும் எலும்பும் கரைகிறது.

இந்தச் சேதம் ஆளுக்கு ஆள் மாறும். 1970இல் ஹரால்ட் லோ என்ற நார்வே நாட்டு ஆய்வாளரின் குழு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளர்களின் பற்களைப் பரிசோதித்து, 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. பல் மருத்துவமே எட்டாத அவர்கள் எல்லோருக்கும் படலமும் காரையும் இருந்தன. ஆனாலும் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக முற்றியது. 81 சதவீதம் பேருக்கு மிதமாக. 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டவேயில்லை. அழுக்கு ஒன்றுதான், உடம்பு காட்டிய எதிர்ப்புதான் வேறு.

எதிர்ப்பு எப்படி இருந்தாலும் சண்டையைத் தொடங்கிவைப்பது கிருமிதான். அதனால் மருத்துவர் முதலில் மானை வெளியேற்றுகிறார்: காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங், தேவைப்பட்டால் ஈற்றுக்கு அடியில் வேர்வரை. பலருக்கு இதற்கே வீக்கம் வடிந்துவிடும். அடங்காத சிலருக்கு டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து 20 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, சில மாதங்களுக்குத் தருவதுண்டு. இவ்வளவு குறைந்த அளவில் அது கிருமியைக் கொல்லாது. கொலாஜினேஸை மட்டும் மட்டுப்படுத்தும். காவல் நிற்கும், மிதிபடுவது குறையும். ஆனால் ஸ்கேலிங் செய்துகொள்ளாமல் இதை மட்டும் விழுங்கிப் பயனில்லை.

வீக்கம் தெரியாததால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. புகை பிடிப்பவர்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். புகை ஈற்றின் ரத்தக் கசிவைக் குறைத்துவிடுகிறது. ஈறு சாதுவாகத் தெரியும். அடியில் எலும்பு கரைந்துகொண்டே இருக்கும். ஆகவே ரத்தம் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடாமல் மென்மையாகத் துலக்குவோம், மருத்துவரிடம் காட்டுவோம். புகைப்பவர் ரத்தம் வராவிட்டாலும் காட்டத்தான் வேண்டும்.